கால் காத்த குருதிவழி

தமிழ் பயிற்றுவோர் மருத்துவம் எழுதப் புகுவது ஏன் என்று மாணவர் வினவக்கூடும். நீரிழிவு நம் இல்லங்களில் பெருகிவரும் நாளில், அந்நோயாளர் காலுக்கு நேரும் கேட்டினை யாவரும் அறிந்திருத்தல் நலம் என்பதே விடை.

காலுக்குக் குருதி கொணரும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிய, வழி குறுகுகின்றது. புகைப்பழக்கமும் நீரிழிவும் இதற்குப் பெருந்துணை. தொடக்கத்தில் சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். மருத்துவர் இதனைக் 'கிளாடிகேஷன்' என்பர். நொண்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. அடைப்பு முற்றினால் படுக்கையிலும் வலி நீங்காது. விரற்புண் ஆறாது, பின் கருகும். நீரிழிவாளர்க்கோ உணர்நரம்பு மங்கிவிடுவதால் வலி தோன்றாமலே புண் வளர்தலும் உண்டு.

1948இல் பாரிசில் ழான் குன்லின் என்னும் அறுவை மருத்துவர், நோயாளியின் காற்சிரையையே கொண்டு அடைப்பைக் கடந்து செல்லும் மாற்றுவழி அமைத்தார். ஆயினும் முதுமையுற்றோர் பலர் அவ்வறுவையைத் தாங்கார். அவர்க்குக் காலை நீக்குதலே முடிவாயிற்று.

1964 சனவரி 16ஆம் நாள். அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் 82 அகவை மூதாட்டி ஒருவர். இடப்பாதத்தில் புண், விரல்களில் அழுகல். காலை நீக்க வேண்டும் என்றனர், அவர் உடன்படவில்லை. கதிரியல் மருத்துவர் சார்லஸ் டாட்டர், தொடைத் தமனியின் குறுகிய இடத்தினூடே மெல்லிய கம்பியையும், அதன்மேல் படிப்படியாகப் பருத்த டெஃப்லான் குழாய்களையும் செலுத்தி வழியை அகலப்படுத்தினார். குளிர்ந்திருந்த பாதம் வெதுவெதுப்புற்றது; வலி அகன்றது. பின்னர் வேறு நோயால் மறையும்வரை, ஈராண்டுகட்கு மேல், அம்மூதாட்டி தம் கால்களாலேயே நடந்தார். டாட்டரின் திறத்தைப் போற்றுவோர் அம்முதியவரின் மறுப்பையும் போற்றுதல் வேண்டும் என்பேன். அவர் இசைந்திருப்பின் டாட்டர்க்கு அவ்வாய்ப்பே கிட்டியிராது.

அந்நாட்டு அறுவை மருத்துவர் பலர் இம்முறையை ஐயுற்றனர். ஐரோப்பியரே விரைந்து ஏற்றனர். 1974இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், குழாயில் பலூன் பொருத்திக் கால் தமனியை விரித்தார். 1977இல் இதயத் தமனிக்கும் அதனைக் கொண்டுசென்றார். இதயத்துக்குரிய பலூன் சிகிச்சையை அறிந்த நம்மில் பலர், அது காலில் பிறந்ததை அறியார்.

அறுவையா பலூனா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. 2022இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, தகுந்த காற்சிரை உடையார்க்கு மாற்றுவழி அறுவையே மேல் என்றது. 2023இல் வெளிவந்த பாசில்-2 ஆய்வோ, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புக்குப் பலூன் முதலிய குழாய்வழி முறைகளை முதற்கண் கொள்ளுதல் மேல் என்றது. நோயாளியின் சிரை, அடைப்பிடம், உடல்வலிமை ஆகியவற்றை நோக்கியே மருத்துவர் முடிவு செய்ய இயலும்.

கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9க்குக் குறையின் அடைப்பு உண்டெனக் கொள்வர். நீரிழிவாளர்க்குத் தமனி இறுகி இவ்வெண் பொய்யாக உயர்தலும் உண்டு. அப்போது கால்விரல் அழுத்தத்தை அளப்பர். எளிய சோதனைதான். காலை நீக்குக என்று கூறப்படும்போது, குருதிவழி சோதிக்கப்பட்டதா, அதனைத் திறக்க இயலுமா என்று உடன்வந்தோர் தயங்காது வினவலாம். அழுகலின் நச்சு உடலெங்கும் பரவி உயிருக்கே ஊறு நேரும் வேளையில் மட்டும் அவ்வினாவுக்குக் காலம் இராது.