சாட்சியின் வாயை அடைக்காதே

கண்ணு, நம் சப்ஸ்டேஷனிலேயே ரிலே பிரிவில் சேரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். முதல் வாரமே டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டர் செட்டிங்கை உன் கையில் கொடுப்பார்கள். "இது டிரிப் பண்ணாது, சும்மா எழுதிக்கொள்ளும், அவ்வளவுதானே" என்று புதிதாக வந்தவர்களிடம் தள்ளிவிடுவது வழக்கம். நீ அப்படி நினைத்துவிடாதே. லைன் விழுந்த இரவில் கண்விழித்திருந்த சாட்சி அது ஒன்றுதான்.

1. பழுதுக்கு முன்னால் அரை விநாடியாவது எழுத விடு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி. ஆக நல்ல நிலையில் இருந்த 25 அலைகள் கிடைக்கும். உடம்பு நன்றாக இருந்தபோது நாடி எப்படி ஓடியது என்று தெரிந்தால்தானே நோயைச் சொல்ல முடியும்? பின்பக்கத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் மொத்தமே ஒரு விநாடிதான் வைத்திருந்தேன். ஆட்டோ ரீக்ளோஸ் ஒரு விநாடி காத்திருந்துதான் பிரேக்கரை மூடும். ஒருமுறை லைன் விழுந்தபோது, அதற்குள் பதிவு முடிந்துபோனது. பார்க்காததை ஊகித்து, "ரீக்ளோஸ் ஆகவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரேக்கரைப் பிரித்துப் போட்டு இரண்டு வாரம் தேடினார்கள். அது ஒழுங்காக மூடி, பழுது இன்னும் இருந்ததால் மறுபடி திறந்திருக்கிறது. மூன்று விநாடி வைத்திருந்தால் அந்த உழைப்பு மிஞ்சியிருக்கும்.

2. டிரிக்கர் வைப்பதில் பயமும் கூடாது, அசட்டையும் கூடாது. எதுவும் தப்பிவிடக் கூடாதே என்ற பயத்தில் மின்னழுத்தம் 95 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே எழுதும்படி வைத்தேன். சாயங்காலம் லோடு ஏறும்போதெல்லாம் எழுதியது. நினைவகம் நிறைந்தால் பழைய பதிவு அழிந்துகொண்டே போகும். மழை இரவொன்றில் பஸ்பாரில் பழுது. காலையில் போய்ப் பார்த்தால் வெறும் பதிவுகள்தான் வரிசையாக நின்றன. வேண்டிய ஒன்று இல்லை. எல்லா ஓசைக்கும் குரைக்கும் நாயை வீட்டார் நம்பமாட்டார்கள். அதற்காக டிரிப்புக்கு மட்டும் என்று சுருக்கியும் விடாதே. பக்கத்து லைன் பழுதில் நம் ரிலே எழுந்து அடங்கியதும், நியூட்ரல் கரன்ட் திடீரென்று ஏறியதும் பின்னால் வரப்போவதை முன்னால் சொல்பவை.

3. சேனலுக்குப் பெயர் வை. "டிஜிட்டல் 14" என்றால் பத்து வருஷம் கழித்து வருபவருக்கு என்ன புரியும்? "ஆர் போல் ஓபன்", "கேரியர் ரிசீவ்" என்று எழுது. ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து, திரையில் அந்தக் கோடுதான் அசைகிறதா என்று சரிபார். கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சிடி) விகிதத்தை மாற்றினால் அன்றைக்கே ரெக்கார்டரிலும் மாற்று.

4. பிறர்மேல் குற்றம் எழுதுமுன் உன் கடிகாரத்தைப் பார். எதிர்முனை சப்ஸ்டேஷன்தான் முதலில் திறந்தது என்று நான் கடிதமே அனுப்பினேன். மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது, எங்கள் மாடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் அறுந்து கடிகாரம் நான்கு விநாடி விலகியிருந்தது. ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் சர்வதேச நேரம் என்று யாரும் கண்டுபிடிப்பார்கள். நான்கு விநாடி விலகல் உண்மை போலவே இருக்கும். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பொறியாளர் ஒன்றும் சொல்லாமல் காபி வரவழைத்தார்.

5. பெரிய விபத்திலும் இந்தச் சின்னக் கோடுகள்தான் பேசும். 2012 ஜூலை 30 அன்று வட இந்திய மின்கட்டமைப்பு விழுந்தது. பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் திறந்ததிலிருந்து தொடங்கிய சரிவு அது. பதிவுகளில் பழுது எதுவும் தென்படவில்லை. அளவு மீறிய சுமையைத்தான் ரிலேயின் மூன்றாம் மண்டலம் பழுதாக எடுத்துக்கொண்டது. பதிவு இல்லாவிட்டால் எந்த மரத்தை, எந்த இன்சுலேட்டரைத் தேடிப் போயிருப்பார்கள்?

6. உன் தவறைக் காட்டும் பதிவை அழிக்காதே. ஒருநாள் டெஸ்டிங்கின்போது என் ஸ்க்ரூடிரைவர் பக்கத்து டெர்மினலில் பட்டு, நன்றாக ஓடிய லைன் விழுந்தது. திரையில் மூன்று கரன்டும் சீராக ஓட, நடுவில் டிரிப் கோடு மட்டும் எழுந்து நின்றது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அழிக்கும் பொத்தான் வரை விரல் போனது. பிறகு பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேஜையில் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்த டெர்மினல்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரமே அந்த வரிசை முழுவதற்கும் மூடி போட்டார்கள். அந்தப் பேனலைத் திறக்கும்போது நீயும் பார்ப்பாய்.