இரு கம்பெனி மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுவது எப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையின் சில்லறைப் பிரிவுக்கு ஒரு எலக்ட்ரானிக் தராசும், பில் போடும் கம்ப்யூட்டரும் வாங்கினேன். தராசு ஒரு கம்பெனி, பில் புரோகிராம் வேறொரு கம்பெனி. இடையில் ஒரு ஒயர் போட்டால் போதும், எடை தானாகவே பில்லில் ஏறிவிடும் என்று இரு தரப்பு விற்பனையாளர்களும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். முதல் நாள் கால் கிலோ சீரகம் நிறுத்தோம். பில்லில் 250 கிலோ என்று வந்தது. தொகை ஒரு லட்ச ரூபாய்! வாடிக்கையாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தராசுக்காரரைக் கூப்பிட்டால், "எங்கள் தராசு சரியாகத்தான் அனுப்புகிறது, புரோகிராம்காரரைக் கேளுங்கள்" என்பார். புரோகிராம்காரரோ தராசைக் கை காட்டுவார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அதுவரை பையன் தராசைப் பார்த்து எடையைக் கையால் அடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் இருவரையும் ஒரே நாளில் வரவழைத்து, எதிரெதிரே உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "தீராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றேன். அரை மணி நேரத்தில் விஷயம் வெளிவந்தது. தராசு, கிராம் கணக்கில் புள்ளி வைக்காமல் 250 என்று அனுப்புகிறது. புரோகிராம் அதைக் கிலோ என்று படிக்கிறது. அவரவர் புத்தகப்படி இருவரும் சரியே.

இதைக் கம்ப்யூட்டர் படித்த என் தங்கை மகனிடம் சொன்னபோது, "மாமா, இன்டர்நெட்டையே இப்படி எதிரெதிரே உட்கார்ந்துதான் சரி செய்தார்கள்" என்றான். அவன் சொன்னதையும், அவன் உதவியோடு படித்ததையும் நம் தொழிலுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

இரண்டு மெஷின்கள் பேசிக்கொள்வதற்கு வகுத்த ஒழுங்குக்குப் புரோட்டோகால் என்று பெயர். போனில் ஆர்டர் எடுக்கும்போது நாம் செய்வதே அது. "அண்ணாச்சி, கேட்குதா?" "கேட்குது, நான் பேசுறது கேட்குதா?" "கேட்குது, எழுதிக்கிடுங்க." இந்த மூன்று வாக்கியமும் முடிந்த பிறகுதான் சரக்குப் பேச்சு. இன்டர்நெட்டின் அடிப்படையான டிசிபி என்ற புரோட்டோகாலும் இதே மூன்று படியில்தான் பேச்சைத் தொடங்குகிறது. அதன் பிறகு அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்கிறது.

விதியை எழுதி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். "100 மூட்டை அரிசி" என்று தெளிவாகத்தான் எழுதுகிறோம். மூட்டை 25 கிலோவா, 50 கிலோவா, 75 கிலோவா? எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை, படித்தவருக்கும் இல்லை. லாரி வந்து நின்ற பிறகுதான் வழக்கு. என் தகப்பனார் காலத்தில் மணங்கு என்ற ஒரே சொல் சென்னைப் பக்கம் 8 வீசை, அதாவது சுமார் 11 கிலோ. வங்காளத்திலோ சுமார் 37 கிலோ. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கிலோ வந்த பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. காகிதத்தில் உள்ள சொல்லை இருவர் இரு விதமாகப் படிக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

டிசிபியின் கருத்தை வின்டன் சர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டார்கள். பல இடங்களில் பலர் அதைப் படித்து, அவரவர் கம்ப்யூட்டருக்கு ஏற்பப் புரோகிராம் எழுதினார்கள். யாருடையது சரி என்று சொல்ல நடுவர் கிடையாது. ஆகவே எல்லோரையும் ஒன்று கூட்டி, ஒவ்வொருவர் புரோகிராமையும் மற்ற ஒவ்வொருவருடையதோடும் பேச வைத்துப் பார்த்தார்கள். இதற்கு "பேக் ஆஃப்" என்று பெயர். கேக், ரொட்டி செய்து போட்டியிடுவதை அங்கே அப்படிச் சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 பேர் என்றால் 3 ஜோடி. 10 பேர் என்றால் 45 ஜோடி. 20 பேர் என்றால் 190 ஜோடி. அத்தனையும் சோதிக்கப்பட வேண்டும். ஏனெனில் உங்கள் மெஷின் என்னோடு பேசுகிறது, நான் மூன்றாமவரோடு பேசுகிறேன் என்பதால், நீங்கள் மூன்றாமவரோடு பேசுவீர்கள் என்பது நிச்சயமில்லை.

இந்தச் சோதனைக்கான மதிப்பெண் முறையை ஜான் போஸ்டல் என்பவர் 1987-இல் ஒரு குறிப்பாக வெளியிட்டார். இன்டர்நெட் விதிகளைப் பல ஆண்டுகள் பதிப்பித்து வந்தவர் அவர். நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார், ஆனால் விஷயம் கனமானது. தன்னோடு தானே பேசிக்கொண்டால் 1 மதிப்பெண். வேறொருவர் மெஷினோடு பேச்சைத் தொடங்கினால் 2. ஒரே நேரத்தில் பலரோடு பேசினால் 10. வரிசை எண் முடிந்து மறுபடி தொடக்கத்துக்கு வரும்போது தடுமாறாமல் இருந்தால் 10. நம் பில் புத்தகம் 1000-த்தில் முடிந்து மறுபடி 1-இல் தொடங்கும்போது குமாஸ்தா குழம்புவதில்லையா, அது போல. அங்கே அந்த எண் சுமார் 429 கோடி வரை போய்த் திரும்புகிறது. "கணக்கைத் தொடங்கு, கணக்கை முடி, மிக அவசரம்" என்று எல்லாக் கட்டளையும் ஒரே சீட்டில் வந்தால் படுத்துவிடாமல் சமாளிப்பதற்கும் 10. சிறந்த சாக்குப்போக்குக்கு 10, மிகக் குறைந்த சாக்குப்போக்குக்கு 20! என் தராசுக்காரரும் புரோகிராம்காரரும் முதல் பரிசை வாங்கியிருப்பார்கள்.

அந்த நாட்களில் இச்சோதனைகளில் தவறு தெரிந்தால் புரோகிராமை மட்டும் திருத்தவில்லை. விதியே தெளிவில்லை என்று கண்டால் விதியையும் திருத்தினார்கள். இதுவே என்னைக் கவர்ந்த அம்சம்.

பிற்காலத்தில், இன்டர்நெட் வழியாகப் போன் பேசும் சிப் என்ற புரோட்டோகாலுக்கு 1999-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதல் கூட்டம் நடந்தது. அதையும் பேக் ஆஃப் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் பில்ஸ்பரியின் வியாபார முத்திரை என்பதால் பிறகு "சிப்பிட்" என்று மாற்றிக்கொண்டார்கள். ஆம், நம் கடையில் விற்கிற அதே பில்ஸ்பரி ஆட்டாதான்!

போட்டிக் கம்பெனிகள் ஏன் இதற்கு ஒத்துக்கொண்டன? வாடிக்கையாளரின் நெருக்குதல்தான் காரணம். டான் லிஞ்ச் என்பவர் 1986-இல் கலிபோர்னியாவின் மான்டெரேயில் விற்பனையாளர்களைக் கூட்டிப் பேச வைத்தார். 1988-இல் இன்டராப் என்ற கண்காட்சியை நடத்தினார். அங்கே கடை போடுபவர்கள் தங்கள் மெஷினைக் கண்காட்சியின் பொது நெட்வொர்க்கில் இணைத்துக் காட்ட வேண்டும். வாங்க வந்தவர் கண் முன்னே பக்கத்து ஸ்டாலோடு பேசாவிட்டால் மானம் போய்விடும். 1990 கண்காட்சியில் ஜான் ராம்கி என்பவர் ரொட்டி சுடும் டோஸ்டரையே நெட்வொர்க்கில் இணைத்துக் காட்டினார். ரொட்டியை மட்டும் கையால் வைக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஓஎஸ்ஐ என்ற மற்றொரு முறையும் இருந்தது. சர்வதேசக் கமிட்டிகள் உருவாக்கியது. அமெரிக்க அரசே 1990 முதல் அரசுக் கொள்முதலில் அது வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆயினும் சந்தையில் ஓடிக்கொண்டிருந்த டிசிபியே நிலைத்தது. 1995-இல் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. அரசு உத்தரவும் அழகான காகிதமும் மட்டும் சரக்கை விற்றுத் தராது என்பதை நம்மைவிட யார் அறிவார்? இன்டர்நெட் விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 1996-இல் வெளியிட்ட நடைமுறையில், ஒரு விதி இரண்டாம் படிக்கு உயர வேண்டுமானால், தனித்தனியாக எழுதப்பட்ட குறைந்தது இரண்டு புரோகிராம்கள் ஒன்றோடொன்று வேலை செய்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

வைஃபையின் கதையும் இதுவே. விதி 1997-இல் வந்தது, ஆனால் ஒரு கம்பெனிப் பெட்டி மற்றொன்றோடு சேரும் என்ற உறுதி இல்லை. 1999-இல் 6 கம்பெனிகள் சேர்ந்து சங்கம் அமைத்து, சோதித்து முத்திரை தர ஏற்பாடு செய்தன.

இனி நம் கல்லாவுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் கல்லா முன்னால் நாலைந்து க்யூஆர் அட்டைகள் ஒட்டியிருந்தோம், ஒன்றை மற்றவர் ஆப் படிக்காது என்பதால். யுபிஐ 2016-இல் வந்தது. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய க்யூஆர் புதிதாகக் கூடாது, இருப்பவையும் 2022 மார்ச் 31-க்குள் பொது க்யூஆருக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று ஒரே அட்டையை எந்த ஆப்பிலும் ஸ்கேன் செய்கிறார்கள். ஆனால் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி அப்படி அல்ல. அது கொடுத்த கம்பெனியின் கணக்குக்கு வரும் பணத்தை மட்டுமே சொல்லும். வாடகைக்கு எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தராசு, பிரிண்டர், ஸ்கேனர் எதுவானாலும் "எல்லாவற்றோடும் சேரும்" என்ற வாய்ச் சொல்லை நான் இப்போது ஏற்பதில்லை. என் கடையில் ஏற்கெனவே உள்ள மெஷினின் பெயரையும் மாடலையும் கொட்டேஷனில் எழுதச் சொல்கிறேன். என் மேஜை மேல், என் சரக்கை வைத்து, இணைத்துக் காட்டிய பிறகே மீதிப் பணம். கால் கிலோ, 10 கிலோ, ஒன்றும் வைக்காத வெறும் தட்டு, மூன்றையும் பார்க்கிறேன். கரண்ட் போய் வந்த பிறகும் ஒரு முறை பார்க்கிறேன். போன மாதம் வாங்கிய பார்கோடு ஸ்கேனரை இப்படித்தான் சோதித்தோம். கொண்டு வந்த பையன் முதலில் முகம் சுளித்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்தது, அன்று மாலையே முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பினேன்.