எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் : நோயாளியும் உடனிருப்போரும்

முன்னுரை

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் இது பொருந்தலாம். உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு இது சிறிதும் பொருந்தாது. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நோயாளி சில நாள்களில் வீடு திரும்பிவிடுகிறார். ஆனால் மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆவது அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிலிருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய வாழ்வில் அந்த நான்காமவரின் பங்கு என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகையான எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதாவது இருவரில் ஒருவருக்கும் அதிகம். இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவும் வயிற்றுக் கொழுப்பும் அதிகம் என்பதையும் மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன.

பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு இதன் ஒரு காரணம் கண்முன் தெரியும். நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் நின்றார்கள். பின்னர் நிரை நிரையாக நானூறு, ஐந்நூறு மரங்களைச் சீவினார்கள். பால் வாளியைச் சுமந்து மேடு பள்ளம் நடந்தார்கள். அந்த உழைப்புக்குக் காலையில் ஒரு குண்டான் சோறு தேவைப்பட்டது. கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் தேவைப்பட்டது. பின்னர் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு அவ்விடங்களில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. குடும்பங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவின் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் இடம் பெயர்ந்தன. தொழிற்சாலையிலும் கடையிலும் நின்ற இடத்திலேயே வேலை. உழைப்பு குறைந்தது, தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. அதோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் புந்தோங் கச்சான் பூத்தேவும் சேர்ந்துகொண்டன.

எனவே, உடல் பருமனை 'சோம்பேறித்தனம்', 'நாக்கை அடக்கத் தெரியாதவர்' என்று ஏளனம் செய்வது தவறு. இது வாழ்க்கைமுறையும் மரபணுவும் சுரப்புநீர்களும் சேர்ந்து உருவாக்கும் நோய்.

அறுவை என்ன செய்கிறது?

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கி வைத்தார். இன்று இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. முதல் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெட்டி அகற்றிவிட்டு, ஒரு குழாய் போன்ற பகுதியை மட்டும் விட்டு வைக்கிறார்கள். இரண்டாவதான பைபாஸ் முறையில், சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். 30 மில்லி லிட்டர் என்பது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான்.

இரைப்பை சிறியதாவது மட்டுமல்ல, பசியைத் தூண்டும் சுரப்புநீர்களும் மாறுகின்றன. நீரிழிவு நோயாளிகள் பலருக்கு எடை குறையுமுன்னரே இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. அதனால் பழைய அளவிலேயே நீரிழிவு மருந்தை உட்கொள்ளக் கூடாது. மருத்துவர் அளவை மாற்றித் தருவார்.

எனினும் இது மாயமன்று. முதல் ஓராண்டு, ஈராண்டில் எடை வெகுவாகக் குறையும். அதன்பின் பழைய பழக்கம் திரும்பினால் எடையும் திரும்பும்.

சமையலறையில் தொடங்கும் உதவி

அறுவைக்குப் பின் உணவு படிப்படியாக மாறும். மருத்துவமனைக்கு மருத்துவமனை கால அளவு சற்று வேறுபடலாம். பொதுவான ஒழுங்கு இதுதான்:

1. முதல் சில நாள்கள் தெளிந்த நீராகாரம். வடிகட்டிய ரசம், கோழிச் சாற்றுநீர், சர்க்கரை சேர்க்காத பானம்.
2. அடுத்த இரு வாரங்கள் வரை கொழுப்பு நீக்கிய பால், மோர், புரதப் பானம்.
3. அதன்பின் குழைத்த உணவு. மசித்த பருப்பு, தயிர், மசித்த முட்டை, முள் நீக்கிய மீன்.
4. பிறகு மென்மையான உணவு. ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு, சிறிய அளவில்.

சோறும் ரொட்டியும் சிறிய இரைப்பையில் அடைத்துக் கொள்ளக்கூடியவை. ஆகவே தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய்கறி, கடைசியில் சோறு என்ற வரிசையைப் பழக வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு கோழி முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உண்டு. இதிலிருந்து, சிறிய வயிற்றில் இந்த அளவை எட்டுவது எவ்வளவு கடினம் என்பது புரியும். மீன், கோழி, பருப்பு, தயிர், தெம்பே ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சமைத்துத் தருவது வீட்டாரின் பெரிய உதவியாகும்.

ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, நிதானமாக உண்ண வேண்டும். சாப்பாட்டின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. உண்டபின் அரைமணி நேரம் கழித்துச் சிறுகச் சிறுகக் குடிக்கலாம். நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் தே தாரிக், லட்டு, பாயசம் போன்றவற்றை உண்டால், இனிப்பு விரைவாகக் குடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவை வரக்கூடும்.

பெரிபெரி சொல்லும் பாடம்

இங்கு நம் நாட்டு வரலாறு ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். தோட்டத்துத் தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்தார். தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநல இல்லத்தில் மருத்துவர் பிளெட்சர் இரண்டு அரிசிகளையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்து இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னாளில் தெரிய வந்தது.

நம்மவரை அன்று தொடாத அதே குறைபாடு, இன்று எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் வரக்கூடும். உடலில் பி1 சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். வாந்தி நீடித்தால் அது விரைவில் தீர்ந்துவிடும். கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வை இரட்டித்தல், குழப்பம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுவை செய்துகொண்ட செய்தியை முதலிலேயே சொல்ல வேண்டும். ஏனெனில் குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 கொடுக்கப்பட வேண்டும்.

இதே போன்று பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவையும் குறையலாம். இவற்றுக்கான மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் கடமை. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. குழந்தை பெற விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

மனமும் சுற்றமும்

புந்தோங்கில் வசிக்கும் என் அத்தை ஒருவர் கோலாலம்பூரில் இந்த அறுவையைச் செய்துகொண்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வாழை இலையில் அவருக்குப் பரிமாறினார்கள். "இவ்வளவுதானா? நாங்க சமைச்சது பிடிக்கலையா?" என்று கேட்டுக் கேட்டே இலையை நிரப்பினார்கள். மரியாதைக்காக உண்டார், வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார். "எப்படி இளைச்சிட்டே, சீக்கா?" என்று வேறு சிலர் கேட்டார்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டியது. அதன்பின் அவர் விசேஷங்களுக்கே போவதில்லை. முடி கொட்டுவது பெரும்பாலும் தற்காலிகமானது, போதிய புரதம் உண்டால் திரும்ப வளரும் என்று எடுத்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட உணவுக் குறிப்போ மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை மட்டுமே படித்தவர்.

விருந்தோம்பல் நம் பண்பாடு. ஆனால் போதும் என்பவரின் இலையில் மேலும் வைப்பது விருந்தோம்பலாகாது. தைப்பூசத்திற்கு விரதமிருக்க விரும்புவோர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்கலாம். அதற்காகத் தண்ணீரையும் மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பின் மது வேகமாக இரத்தத்தில் கலக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து மதுவுக்கு அடிமையாவோர் எண்ணிக்கை கூடுவதாக ஆய்வுகள் எச்சரிக்கின்றன. உணவில் ஆறுதல் தேடியவர் வேறொன்றில் தேடக்கூடும். கள்ளுக்கும் சம்சுவுக்கும் எத்தனை தோட்டக் குடும்பங்களைப் பறிகொடுத்தோம் என்பதை நாம் அறிவோம். மனச்சோர்வு தெரிந்தால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

முடிவுரை

அறுவை செய்துகொண்டோர் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களுக்குத் தவறாமல் செல்பவர்கள் கூடுதலாக எடை குறைகிறார்கள் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒவ்வொரு கூட்டத்திற்கும் போய்வர வயதானவர்களால் இயலாது. ஊர்ப் பொதுமண்டபத்திலோ ஆலய மண்டபத்திலோ மாதம் ஒருமுறை நான்கு பேர் கூடிப் பேசினாலும் பயன் உண்டு.

தமிழ் மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த அறுவையைச் செய்துகொண்டவர் இருந்தால், மருத்துவமனை தந்த உணவுக் குறிப்பையும் மாத்திரை அட்டவணையையும் அவருக்குப் புரியும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிக் கொடுப்போம். அடுத்த பரிசோதனை நாளையும் அதிலேயே குறித்து, அன்று அவருடன் துணைக்குச் செல்வோம்.