கற்பிப்போரின் கல்விப் பயணம்

நுழையும்முன்

மாணவர் ஒருவர் ஒரு வகுப்பில் ஓராண்டு கற்கிறார். ஆசிரியர் அதே வகுப்பில் முப்பது ஆண்டுகள்கூடக் கற்பிக்கிறார். அவருடைய அறிவு தேங்கிவிடாமல் இருக்க, அவரும் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும். இதற்காக ஆசிரியர்களை அயலூருக்கும் அயல்நாட்டுக்கும் பொதுநிதியில் அனுப்பும் வழக்கம் இன்று வளர்ந்து வருகிறது. அப்பயணத்தின் பயனை எங்கே தேடுவது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஓதற்பிரிவும் தூதும்

கல்விக்காக வீட்டைப் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் தலைவன் பிரிந்து செல்வதற்கான காரணங்களைக் கூறும்போது, ஓதுதலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தல் ஆகாது என எல்லையும் வகுக்கிறார். கற்கச் செல்பவர் திரும்பி வருதல் வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது.

இன்றைய தருமபுரியே பழைய தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று ஒளிர்ந்தன. ஔவையார் அவற்றின் அழகைப் போற்றுவதுபோலப் பேசி, அதியமானின் கருவிகளோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். பகைவர் மீது பாய்ந்து தேய்ந்த கருவி எது, பயன்படாமல் பளபளக்கும் கருவி எது என்பதைக் கேட்டவர் உணர்ந்திருப்பர்.

அரசின் சார்பில் பயணம் செய்த ஒரு கற்றறிந்தவரின் பார்வை இது. கண்ட பொருளின் ஒளியில் அவர் மயங்கவில்லை. அது எதற்குப் பயன்படுகிறது எனக் கேட்டார். தம் ஊர்ப் பொருளோடு ஒப்பிட்டார். இன்று கல்விப் பயணம் மேற்கொள்ளும் ஆசிரியருக்கும் இப்பார்வையே தேவைப்படுகிறது.

உலக நாடுகளின் ஏற்பாடுகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், நாடுகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளக் கல்விப் பரிமாற்றம் உதவும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. அமெரிக்க மேலவை உறுப்பினர் வில்லியம் ஃபுல்பிரைட்டின் முயற்சியால் 1946ஆம் ஆண்டு அவர் பெயரிலான கல்விப் பரிமாற்றத் திட்டம் தோன்றியது. 1950ஆம் ஆண்டு இந்தியாவும் அதில் இணைந்தது. 2008ஆம் ஆண்டு இரு நாடுகளும் செலவைச் சமமாக ஏற்கும் உடன்பாடு ஏற்பட்டபின், அது ஃபுல்பிரைட்–நேரு என்னும் பெயரைப் பெற்றது. ஜப்பானிய அரசு, பணியிலுள்ள வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயிற்சிக்கு உதவித்தொகை வழங்குகிறது.

ஆசிரியரின் தொடர்கல்வி அவருடைய தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஏற்கப்பெற்ற, ஆசிரியர் நிலை குறித்த யுனெஸ்கோ பரிந்துரை, அதனைப் பணியின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. அந்நாளே 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அங்கும் இங்கும்

காமராசர் ஆட்சிக்காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. மதிய உணவுத் திட்டமும் பள்ளிச் சீரமைப்பு இயக்கமும் பரவ உழைத்த அவர், சோவியத் ஒன்றியம் முதலிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள கல்விமுறையைக் கண்டு எழுதினார். அவருடைய நூல் ஒன்றின் பெயர் ‘அங்கும் இங்கும்’. கல்விப் பயணத்தின் இலக்கணம் முழுவதும் இவ்விரு சொற்களில் அமைந்துவிடுகிறது. அங்கு கண்டதை மட்டும் சொல்வது பயணக் கதை; அதை இங்குள்ளதோடு பொருத்திப் பார்ப்பதே கல்வி.

அண்மைக் காலத்தில் தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித்துறை ‘கனவு ஆசிரியர்’ என்னும் திட்டத்தின் வாயிலாக, பல கட்டத் தேர்வுகளுக்குப் பின் சிறந்த ஆசிரியர்களைத் தெரிவு செய்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் டேராடூனுக்கும், உயர்ந்த மதிப்பெண் பெற்றோர் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சு நாட்டிற்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். அரசுப்பள்ளி ஆசிரியர் கடல் கடந்து சென்று கற்கத் தக்கவர் என அரசே ஏற்றது, அவர்தம் பணிக்குக் கிடைத்த மதிப்பாகும்.

அட்டைகள் பேசிய கதை

பயன்தரும் பயணம் நெடுந்தொலைவுப் பயணமாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள கல்வி வள மையம், சுற்றுச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்திருக்க, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்பதற்குக் கற்றல் ஏணியையும் பாட அட்டைகளையும் அம்மையம் உருவாக்கியது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அங்குச் சென்றனர். குழந்தைகள் தாமே அட்டையை எடுப்பதையும், ஒருவருக்கொருவர் கற்பிப்பதையும், ஆசிரியர் தரையில் அவர்களோடு அமர்ந்திருப்பதையும் கண்டனர். திரும்பி வந்தபின், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற்கேற்பத் தாமே அட்டைகளை எழுதினர், 2003ஆம் ஆண்டு 13 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தனர், குறைகளைத் திருத்தினர். அம்முறையே செயல்வழிக் கற்றலாக வளர்ந்து, 2007–2008ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. அவ்வாண்டுகளில் தருமபுரி மாவட்டத்துத் தொடக்கப்பள்ளியில் பயின்ற குழந்தையும், கம்பிப் பந்தலில் தன் படத்தைத் தொங்கவிட்டது. சுவரின் அடியில் தனக்கென இருந்த கரும்பலகையில் எழுதியது.

அம்முறையின் நிறைகுறைகளைக் கல்வியாளர் பின்னர் விவாதித்தனர், முறைகளும் மாறின. ஆயினும் இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை மாறவில்லை. குழுவாகச் சென்றனர், தீர்க்க வேண்டிய சிக்கலோடு சென்றனர், கண்டதை அப்படியே பெயர்க்காமல் தம் மண்ணுக்கேற்ப மாற்றினர். பயணம் பயன்தந்ததற்குக் காரணங்கள் இவை.

எடுத்துச் செல்லும் வினா

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநில எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்தபோது, இம்மாவட்டத்தில் அது 68.5 விழுக்காடாக இருந்தது. சித்தேரி, வத்தல்மலை முதலிய மலையூர்க் குழந்தைகள், பிழைப்புக்காகப் பெங்களூருக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைகள், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் எழுதக் கற்கும் குழந்தைகள் எனப் பலரும் இங்குள்ள வகுப்பறையில் ஒன்றாக அமர்கின்றனர்.

இவ்வகுப்பறையிலிருந்து செல்லும் ஆசிரியர் தம்மோடு ஒரு வினாவை எடுத்துச் செல்லுதல் வேண்டும். ‘வீட்டில் பேசாத மொழியில் ஒரு குழந்தைக்கு எழுத்தறிவைத் தருவது எவ்வாறு?’ என்பது அவருடைய வினாவாயின், அவர் சிங்கப்பூரில் தேட வேண்டிய விடை உயர்ந்த கட்டடங்களில் இல்லை. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்க் குழந்தைகளுக்குப் பேச்சுத்தமிழில் தொடங்கி எழுத்துத்தமிழுக்கு அழைத்துச் செல்லும் பணியை அங்குள்ள தமிழாசிரியர்கள் செய்கின்றனர். உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தின் வகுப்பறையில் ஒருநாள் அமர்வது, பாலக்கோட்டு ஆசிரியருக்குப் பெரும்பயன் தரும்.

பின்லாந்துக்குச் செல்பவர் ஏழு வயதில் பள்ளி தொடங்குவதைக் காண்பார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் குழந்தைக்குக் கிடைக்கும் பராமரிப்பையும், வகுப்பாசிரியர் முதுகலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என்ற நெறியையும் சேர்த்துக் காணாவிட்டால், அவர் கண்டது பாதியே. அந்நாட்டில் 1948 முதல் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்கும் விலையில்லா மதிய உணவு வழங்கப்படுகிறது. அதைக் காணும்போது, 1956இல் காமராசர் விரிவுபடுத்திய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் அவர் நினைவுக்கு வருதல் வேண்டும். உலகிடம் பெறுவதற்கு மட்டுமன்றி, உலகிற்குச் சொல்வதற்கும் நம்மிடம் உண்டு.

செல்ல இயலாதவர்

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கலையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால், ஐந்து வகுப்புகளும் மற்றவர் பொறுப்பாகின்றன. ஆகவே, பயணம் மிகுதியாகத் தேவைப்படும் மலையூர் ஆசிரியரே புறப்படத் தயங்குகிறார். விண்ணப்பிக்க இணைய வசதி வேண்டும். படிக்க நேரம் வேண்டும். பெண் ஆசிரியருக்கு வீட்டாரின் துணையும் வேண்டும். மாற்றாசிரியரை அமர்த்திவிட்டு அழைத்தால்தான், வாய்ப்பு அனைவருக்கும் பொதுவானதாகும்.

எல்லாரும் செல்ல இயலாது என்பதனாலேயே, சென்றவரின் கடமை பெரிதாகிறது. அவர் கண்டதைக் குறுவள மையக் கூட்டத்தில் பகிரலாம். தம் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து, அதைக் காண அருகிலுள்ள பள்ளி ஆசிரியரை அழைக்கலாம். பயணச் செலவு மக்கள் தந்த வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும்போது வரி செலுத்தும் மலையூர்த் தாயும் அதில் பங்கு தந்திருக்கிறார். அவருடைய குழந்தை அடுத்த ஆண்டு ஒரு பத்தியைத் தடையின்றிப் படித்தால், அப்பயணம் நிறைவு பெற்றது எனலாம்.

தகடூரிலிருந்து சென்ற ஔவையார், பிறர் கொட்டிலின் ஒளியைக் கண்டபோது தம் ஊர் உலைக்களத்தை மறக்கவில்லை. நம் ஆசிரியரும் எந்நாட்டு வகுப்பறையில் நின்றாலும், தம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தையை மறவாதிருத்தல் வேண்டும்.

இலக்கணக் குறிப்பு

கற்பிப்போர் – வினையாலணையும் பெயர்
ஓதுதல் – தொழிற்பெயர்
அங்கும் இங்கும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டனர் = காண்(கண்) + ட் + அன் + அர்
காண் – பகுதி (‘கண்’ எனக் குறுகியது விகாரம்)
ட் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஆசிரியர் ஒருவரிடம், அவர் கலந்துகொண்ட பயிற்சி ஒன்றைப் பற்றியும் அதனால் வகுப்பறையில் நிகழ்ந்த மாற்றத்தைப் பற்றியும் நேர்காணல் செய்து எழுதுக.
2. வேறு நாட்டிலிருந்து உங்கள் பள்ளியைக் காண ஓர் ஆசிரியர் வருகிறார் எனில், அவருக்கு எதைக் காட்டுவீர்கள்? ஏன்? வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. கற்றல் ஏணி என்பது யாது?
2. ‘அங்கும் இங்கும்’ என்னும் நூற்பெயர் கல்விப் பயணத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?

சிறுவினா
1. ஔவையாரின் தூதுப் பயணத்திலிருந்து ஆசிரியர் கற்க வேண்டியவற்றைத் தொகுத்து எழுதுக.
2. மலையூர்ப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குச் செல்வதில் உள்ள தடைகளையும் அவற்றை நீக்கும் வழியையும் விளக்குக.

நெடுவினா
‘கல்விப் பயணத்தின் பயன் திரும்பிவந்த வகுப்பறையில் அறியப்படும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணையுடன் நிறுவுக.