முத்திரைத் தீர்வைச் சலுகைக்குக் காத்திருக்கலாமா?

2020-ல் குறைத்ததுபோல் மகாராஷ்டிர அரசு மறுபடியும் முத்திரைத் தீர்வையைக் குறைக்குமா? அதுவரை வீடு வாங்காமல் பொறுக்கலாமா? (சாக்கன் தொழிற்சாலை ஊழியர், புனே)

பொறுக்க வேண்டாம். கொரோனா மந்தத்தில் படுத்துவிட்ட வீட்டு விற்பனையை எழுப்பத் தந்த தற்காலிகச் சலுகை அது: 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 3 சதவீதப் புள்ளி, 2021 மார்ச் வரை 2 சதவீதப் புள்ளி குறைத்தார்கள், அதோடு சரி. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒன்றரை லட்சம் மிச்சமாயிற்றே என்பீர்கள். உண்மைதான், ஆனால் காத்திருக்கும் காலத்தில் விலை 3 சதவீதம் ஏறினாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். வீட்டுக் கடன் வாங்கினால், 20 ஆண்டு தவணை கட்டப்போவது உங்கள் சம்பளம்தான். எனவே 6 மாதத் தவணைப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு இறங்குங்கள். பெண் பெயரில் மட்டும் வீட்டைப் பதிந்தால் 1 சதவீதச் சலுகை 2021 ஏப்ரல் முதல் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.