கண்மாயைப் பார்த்துவிட்டுப் பத்திரத்தைப் பாருங்கள்

2025 ஜனவரிக்குப் பிறகு தல்லாகுளத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அரிட்டாபட்டிப் பக்கம் உங்களுக்கு இடம் இருக்குதாமே, நமக்கும் ஒரு ஏக்கர் கிடைக்குமா?" அதற்கு முன்பெல்லாம் அந்தப் பெயரைச் சொன்னால் மதுரைக்காரர்களே அது எந்தத் திசை என்று கேட்பார்கள். மேலூர் தாலுகாவில், நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. அதை ஒட்டிய ஒரு சிற்றூரில் எங்களுக்கு அறுபது செண்ட் புஞ்சையும், நத்தத்தில் ஒரு ஓட்டு வீடும் இருக்கின்றன. என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மாதத்தில் பாதி நாள் அங்கேதான். கேட்கிறவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதுகிறேன்.

விலையை முதலில் கேட்காதீர்கள். அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

மதுரைக்கு வடக்கேயும் கிழக்கேயும் உள்ள நிலமெல்லாம் ஒரே நிலமல்ல. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்து, பேரணையிலிருந்து கால்வாய் ஓடத் தொடங்கிய பிறகு இந்தச் சமவெளியின் தலையெழுத்தே மாறியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் மாறவில்லை. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை ஏறக்குறைய 45,000 ஏக்கர், இருபோகம். கள்ளந்திரி தாண்டி மேலூர் பக்கம் போனால் ஒருபோகம்தான். அணையில் இருப்பைப் பார்த்து, ஆவணி கடந்து, புரட்டாசியை ஒட்டித் தண்ணீர் விடுவார்கள். ஒருபோகத்திலும் தலைமடைக்காரருக்கு ஒரு வாழ்வு, கடைமடைக்காரருக்கு ஒரு வாழ்வு. சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிற வழியில்தான் கள்ளந்திரி இருக்கிறது. எதிர்சேவைக்காகத் தல்லாகுளத்தில் காத்து நிற்கிற நமக்கு அது ஒரு மண்டகப்படி ஊர். விவசாயிக்கு அது கணக்கு மாறுகிற எல்லை.

எங்கள் ஊருக்குக் கால்வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. மானாவாரிக் கண்மாய். மலையில் பெய்வதுதான் வரத்து. இடம் பார்க்கப் போன காலத்தில் தரகர் காட்டியதெல்லாம் தார்ச்சாலையும் மின்கம்பமும். பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு பெரியவர் வேறு மாதிரி. "மழை பெய்யிறப்ப வாங்க, நடந்து காட்டுறேன்" என்றார். ஐப்பசியில் ஒரு காலை, மழை விட்ட கையோடு, குடையும் கம்புமாக அவர் பின்னால் போனோம். பாறைச் சரிவில் வழிந்த தண்ணீர் ஒரு ஓடையில் சேர்ந்து, இரண்டு புஞ்சைகளுக்கு நடுவே வரத்துக்காலாக இறங்கிக் கண்மாய்க்குப் போவதைக் கடைசிவரை காட்டினார். ஓரிடத்தில் கம்பை ஊன்றினார். முழங்கால் அளவுக்கு மண்ணில் இறங்கியது. "இம்புட்டும் சேறு. இதை அள்ளுனா ரெண்டு மடைக்குத் தண்ணி கூட வரும்" என்றார். பிறகு கலுங்குக்கு அழைத்துப் போய் வரிசையாக நட்டிருந்த கற்களில் நடுக்கல்லைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கல்லு முங்குனா அந்த வருசம் நெல்லுப் போடலாம்த்தா. முங்கலையா, கடலையோட நிப்பாட்டிக்கிறணும்."

எந்தப் பத்திரத்திலும் இல்லாத தகவல் அது. நான் எல்லோருக்கும் சொல்வது: ஒரு நிலத்தை இரண்டு முறையாவது பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவை, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்க்க. சித்திரை வைகாசியில் ஒரு தடவை, கிணற்றை எட்டிப் பார்க்க. கோடையில் மட்டும் பார்த்து வாங்கினால் கண்மாயின் உள்வாயைக்கூட நல்ல மேட்டு நிலம் என்று நம்பிவிடுவோம். அப்படி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மதுரை நகருக்குள்ளேயே உலகனேரிக் கண்மாயில்தான் உயர் நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்டது. நகரம் கண்மாய்களின் மீதேறி வளர்ந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். கிராமத்தில் அதை நாமும் செய்யக் கூடாது.

இனி பத்திரம். பட்டாவும் புலப்படமும் அ-பதிவேடும் இப்போது வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். வில்லங்கமும் அப்படித்தான். அதனாலேயே பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். திரையில் பெயர் சரியாக இருப்பதை மட்டும் வைத்து முன்பணம் கொடுக்காதீர்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, ஊரில் யூடிஆர் என்பார்கள், அண்ணன் தம்பி நாலு பேர் நிலம் ஒருவர் பெயருக்கு ஏறிய ஊர்கள் ஏராளம். மூலப் பத்திரம் வரைக்கும் பின்னால் போய்ப் பார்த்தால்தான் அது தெரியும். கணினியில் தெரிகிற வில்லங்கத்துக்கும் முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். வக்கீலுக்குக் கொடுக்கிற பணத்தில் சிக்கனம் வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் பெரிய சிக்கல், பெண் பிள்ளைகளின் கையெழுத்து. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. 2005இல் நாடு முழுமைக்கும் வந்தது. ஆனாலும் ஊரில் "கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, அதுகளுக்கு என்ன?" என்று அண்ணன்மார் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நாம் தலையாட்டக் கூடாது. சட்டச் சிக்கல் வரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காமல் வாங்கிய மண்ணில் நாம் எப்படி நிம்மதியாக உட்காருவது? எங்களுக்கு விற்றவரின் இரண்டு தங்கைகளையும் அவரவர் ஊருக்குப் போய்ப் பார்த்தோம். பங்குத் தொகை அவரவர் கையில் சேர்ந்த பிறகுதான் கிரையம். பெரிய தங்கை இன்றைக்கும் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்; பிறந்த வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு வாய் காப்பி.

அடுத்தது பாதை. புலப்படத்தில் வண்டிப்பாதை கோடாக இருக்கிறதா, அல்லது "அது காலங்காலமா போறதுதான்" என்கிற வாய்ச்சொல்லா என்று பாருங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால், பாதைக்காரரையும் பத்திரத்தில் கொண்டுவந்து நடைபாத்தியதையை எழுதி வாங்குங்கள். கிணறு பொதுவென்றால் எத்தனையில் ஒரு பங்கு, முறை நாள் எது, மோட்டாரின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். கோயில் நிலம், பஞ்சமி நிலம், பூமிதான நிலம், புறம்போக்கு இவற்றில் எதுவாக இருந்தாலும் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். 'பண்ணை நிலம்' என்று கல் ஊன்றி நாலு நாலு செண்டாக விற்பதையும் தொடாதீர்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளைப் பதிவதற்கு 2016இலிருந்தே கட்டுப்பாடு இருக்கிறது.

பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிற்றூர் நிலத்துக்கு இந்த வரம்பு பெரும்பாலும் பொருந்திவிடும். நாங்கள் வாங்கிய காலத்தில் இது கிடையாது; ஆனாலும் என் பெயரில்தான் பதிந்தோம்.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. ஒத்தக்கடை, யானைமலை, சிட்டம்பட்டி என்று நான்குவழிச் சாலையில் விரைவாகப் போய்விடும். சாலையை விட்டு ஊருக்குள் போகிற கடைசி ஐந்தாறு கிலோமீட்டர்தான் பாடு. டவுன் பஸ் வருகிற நேரத்தை ஊர்க்காரரிடம் கேட்டு மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காலையில் கூட்டம் இருக்கும். கடைசி வண்டியை விட்டால் இருசக்கர வாகனம்தான். இரவில் அந்தச் சாலையில் மாடும் நாயும் குறுக்கே வரும், மழைக்காலத்தில் பாம்பும். அந்தி சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவது எங்கள் வழக்கம். குடும்பத்தில் இதய நோயாளி இருந்தால் மேலூர் அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று நிலம் வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

ஊரில் ஒட்டுவதற்குப் பணம் பெரிதில்லை, நேரம்தான் வேண்டும். கேதம் என்றால் முதலில் போய் நிற்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது, எங்களுக்கும் சேர்த்துப் போடுங்கள் என்று நாங்களே போய்க் கேட்டோம். அம்பலகாரர் கொஞ்சம் யோசித்தார். "வெளியூர்க்காரவுக கிட்ட நன்கொடைதான் வாங்குவோம், வரி ஊர்க்காரவுகளுக்கு" என்றார். இரண்டு வருடம் நன்கொடைதான். மூன்றாவது வருடம் வரிச் சிட்டையில் எங்கள் வீட்டுப் பெயரும் இருந்தது. அன்றைக்கு என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மீன்பிடித் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கண்மாய் வற்றி இடுப்பளவு தண்ணீர் கிடக்கும்போது ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். விடியும் முன்பே பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து கரை நெடுக நிற்பார்கள். ஊத்தா, கச்சா, வலை, ஒன்றுமில்லாதவர் கையில் கொசுவலை. யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். கரையில் சாமி கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலாக இறங்குவார்கள். கால் மணி நேரத்தில் கண்மாய் முழுக்கச் சேறாகிவிடும். கெளுத்தி, விரால், கட்லா, ஜிலேபி என்று யாருக்கு எது கிடைத்தாலும் விலைக்குப் போகாது. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. ஊத்தாவைச் சேற்றில் கவிழ்த்து, மேல் வாயில் கையை விட்டுத் துழாவி விராலைப் பிடிக்கிற வித்தையை எனக்கு ஒரு அப்பத்தா சொல்லிக் கொடுத்தார். "பயப்படாதத்தா, தலைப் பக்கமாப் புடி" என்று அவர் கரையிலிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நன்றாக மழை பெய்து கண்மாய் பெருகிய வருடத்துக்கு அடுத்த கோடையில்தான் இந்தத் திருவிழா களைகட்டும்.

இதையெல்லாம் அழித்துவிடப் பார்த்தது 2024 நவம்பரில் வந்த செய்தி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, ஏறக்குறைய 5,000 ஏக்கர், ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2023இல் திருத்திய சட்டப்படி முக்கிய கனிமங்களை மத்திய அரசே நேரடியாக ஏலம் விடலாம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகுலீசர் சிற்பமுள்ள பாண்டியர் காலக் குடைவரையும், கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டும், ராஜாளிப் பறவைகளும் உள்ள இடம். அதுவே ஏலத் தொகுதிக்குள் அடங்கியிருந்தது. என் பெயரில் பட்டா இருக்கிறது, தாய்ப்பத்திரம் இருக்கிறது, வில்லங்கம் இல்லை. ஆனால் ஏலம் போனபோது அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்திருக்க முடியும்? மேலூர்க்காரர்கள் ஏற்கனவே கிரானைட்டில் மலைகளைப் பறிகொடுத்தவர்கள். 2012இல் ஆட்சியர் சகாயம் அரசுக்கு எழுதிய பிறகுதான் அந்தக் கொள்ளை வெளியே தெரிந்தது. இந்தத் தடவை அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், கடையடைத்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். நடந்தும் வண்டிகளிலும் ஆயிரக்கணக்கில் ஜனம். சித்திரையில் அழகரோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் நீர்மோர் குடிக்கிற அதே ஊர்க்காரர்கள், அன்றைக்கு மண்ணுக்காகத் தமுக்கம் வந்து சேர்ந்தார்கள். எங்கள் தெருவில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் வைத்தோம். மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த அப்பத்தாவும் வந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு, "அங்கிட்டு எல்லாரும் நிக்கிறாகத்தா" என்று போய்விட்டார். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தான அறிவிப்பு வந்தது.

அதனால்தான், வேலி போட்டு, போர்டு மாட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பதற்காக வாங்குகிறவர்களை நான் அந்த ஊருக்கு அழைத்துப் போவதில்லை. தரிசாகப் போட்ட நிலம் சீமைக்கருவேலம் மண்டி, பக்கத்துக் காட்டுக்கும் கேடாக முடிகிறது. வாங்கினால் விதையுங்கள். நம்மால் முடியாது என்றால் ஊரிலேயே ஒருவருக்கு வாரத்துக்கு விடுங்கள். எங்கள் புஞ்சையில் பாதி அப்படித்தான் இருக்கிறது, தை மாசி வந்தால் கடலை மூட்டையில் எங்கள் பங்கு வீட்டுக்கு வந்துவிடும்.

ஊரின் முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வரத்துக்காலைத் தூர்வாருவதா, பாதையைத் தார் போடுவதா, கண்மாய் மீன் குத்தகையை யாருக்கு விடுவது எல்லாம் மந்தையிலும் கிராம சபையிலும் பேசப்படுகின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். என் ஓட்டு தல்லாகுளத்தில் இருப்பதால் அங்கே எனக்குக் கை தூக்க உரிமையில்லை. ஆனாலும் போய் உட்கார்ந்து கேட்கிறேன். யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை. நிலம் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் இந்தத் தேதிகளில் ஒன்றைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு வாருங்கள், விற்கிறவரைப் பிறகு பார்க்கலாம்.