வாசல் கோலம் முதல் தெருச்சுவர் ஓவியம் வரை: நம் கைத்திறனுக்கு என்ன விலை?



பாகூர் பகுதியில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். ஊரில் ஒரு கட்டடத்தின் சுற்றுச்சுவரில் படம் வரைய ஆள் தேடியிருக்கிறார்கள். "நீங்கதான் மார்கழியில நல்லா கோலம் போடறீங்களே, வந்து வரைஞ்சு குடுங்க" என்று இவர்களைக் கூப்பிட்டார்களாம். நான்கு பேர் மூன்று நாள் வெயிலில் நின்று மயில், தாமரை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று வரைந்து கொடுத்தார்கள். கடைசியில் கிடைத்தது டீ, வடை, ஆளுக்கொரு சால்வை. அதே சுவரில் எழுத்து எழுத வந்த பெயின்டருக்கு மட்டும் கூலி கொடுத்திருக்கிறார்கள்.

"கேக்கலாமா வேணாமான்னு தெரியல மேடம். கோலம் போடற கைக்குக் காசு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் அவர்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்த மாதப் பாடம்.

தெரு ஓவியம் என்றால் என்ன?

சுவர், பாலம், நடைபாதை என்று எல்லோரும் வந்து போகிற இடத்தில், எல்லோரும் காசு கொடுக்காமல் பார்க்கும்படி வரைவதுதான் தெரு ஓவியம். உலகத்தில் பல ஊர்களில் இது பெரிய கலையாக வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத் தெருக்களில் தொடங்கிய பேங்க்ஸி என்ற ஓவியர் தன் உண்மையான பெயரைச் சொல்லாமலே வரைகிறார். 2018-ல் லண்டன் ஏலத்தில் அவருடைய படம் ஒன்று 10 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

அவர் தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்டார். தினமும் விடியற்காலையில் தெருவில் குனிந்து வரைகிற நம் பெண்களின் பெயரையோ இதுவரை யாரும் கேட்கவில்லை. வித்தியாசம் இதுதான்.

கோலம் சாதாரண விஷயம் என்று நினைக்காதீர்கள். 1974-ல் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்துக் கம்பி சுற்றுகிற கோலத்தில் ஒளிந்திருக்கும் விதிகளைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற கணக்காக மாற்றலாம் என்று காட்டினார்கள். புள்ளி ஒன்று தப்பினால் சிக்குக் கோலம் சேராது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கணக்கு நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

சுவரில் வரைந்த பெண்கள்

ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டில் டியேபெலே என்ற ஊர் இருக்கிறது. அங்கே மண்வீட்டைக் கட்டுவது ஆண்கள். சுவருக்கு ஓவியம் தீட்டுவது பெண்கள். தாயிடமிருந்து மகளுக்கு வருகிற கலை அது. அந்த ஊரின் அரச குடியிருப்பை 2024-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தென்னாப்பிரிக்காவில் நிடெபெலே இனப் பெண்களும் வீட்டுச் சுவரில் வண்ணக் கட்டங்கள் வரைவார்கள். 1935-ல் பிறந்த எஸ்தர் மஹ்லாங்கு, பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொண்டவர். தூரிகையாகப் பயன்படுத்தியது கோழி இறகு. 1991-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் கார் ஒன்றின் மேல் அதே கோலத்தை வரைய அவரைக் கூப்பிட்டது. அவர் வரைந்தது வீட்டுச் சுவரில் போட்ட அதே கோடுகள்தான். ஆனால் இப்போது அதில் அவர் பெயர் இருந்தது.

மதுபனி சொல்லும் இரண்டு பாடங்கள்

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பீகார் மாநிலம் மதுபனி பகுதியில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்யாண வீட்டுச் சுவர்களில் படம் வரைந்து வந்தார்கள். 1934-ல் பெரிய பூகம்பம் வந்து வீடுகள் இடிந்தபோதுதான், அங்கே அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் அந்த உள்சுவர்ப் படங்களைப் பார்த்து வெளியுலகுக்குச் சொன்னார்.

1966-67-ல் அங்கே கடும் வறட்சி. விவசாயக் கூலி இல்லை, சாப்பாட்டுக்கே கஷ்டம். அப்போது அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அனுப்பியது. சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரையச் சொல்லி, அதற்குப் பணம் கொடுத்து வாங்க ஏற்பாடு நடந்தது. சுவரில் இருந்தவரை வீட்டு வேலை. காகிதத்துக்கு வந்ததும் அது வருமானம். ஜகதம்பா தேவி 1975-ல் பத்மஸ்ரீ பெற்றார். அடுத்தவர் வீட்டில் வேலை பார்த்த துலாரி தேவி, அந்த வீட்டு ஓவியப் பெண்களிடமே கலையைக் கற்றுக்கொண்டு 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இது முதல் பாடம். இரண்டாவது பாடம் கொஞ்சம் கசப்பானது. 2017-ல் மதுபனி ரயில் நிலையத்தின் சுவர்கள் முழுக்க அந்த ஊர் ஓவியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து வரைந்தார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். செய்தது கூலி இல்லாத சிரமதானம். அடுத்த ஆண்டு ரயில்வே நடத்திய அழகான நிலையங்களுக்கான போட்டியில் மதுபனிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நம்ம மதுரை ரயில் நிலையமும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. பரிசு நிலையத்துக்கு. சுவரில் நின்று வரைந்த கைக்கு? யோசித்துப் பாருங்கள்.

நமக்குப் பக்கத்தில்

சென்னையில் கண்ணகி நகர் என்ற மறுகுடியமர்வுப் பகுதி இருக்கிறது. நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களையும், சுனாமியில் வீடிழந்தவர்களையும் அங்கே குடியமர்த்தினார்கள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் குறை. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்ற அறக்கட்டளை ஓவியர்களை அழைத்து வந்து, அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய படங்கள் வரையச் செய்தது. சென்னைத் தெரு ஓவியர் ஏ-கில் அங்கே பிள்ளைகளின் சிரித்த முகங்களை வரைந்தார். படம் வந்ததால் தண்ணீர்ப் பிரச்சினையும் வேலைப் பிரச்சினையும் தீர்ந்துவிடாது. ஆனால் அந்த ஊரைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறியது.

பெங்களூரில் 2016-ல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவாணி ஆர்ட் புராஜெக்ட் இன்னொரு உதாரணம். திருநங்கைகளும் மற்ற பெண்களும் சேர்ந்து சுவர் ஓவியம் வரைகிறார்கள். படத்தின் கீழே குழுவின் பெயர்தான் நிற்கும். 2024-ல் இத்தாலியில் வெனிஸ் நகரக் கலை விழாவிலும் இந்தக் குழு வரைந்தது. குழுவாக நின்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வில்லியனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். மண்ணுக்குப் பெயரும் மதிப்பும் கிடைக்கும்போது கோலமாவுக்குக் கிடைக்கக் கூடாதா?

சுவர் வேலை எடுக்கும் முன்

1. சுவர் யாருடையது? உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொதுச் சுவர் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுத்துக் கடிதம் வாங்க வேண்டும்.

2. என்ன படம், எத்தனை சதுர அடி, எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று வேலை தொடங்கும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் கேட்பது தப்பில்லை.

3. பெயின்ட், பிரஷ், சாரம் யார் செலவு என்பதையும் எழுதுங்கள். உயரமான இடத்தில் உறுதியான சாரம் இல்லாமல் ஏறாதீர்கள்.

4. உப்பு பூத்த சுவர், ஈரம் ஊறுகிற சுவர் என்றால் படம் சீக்கிரம் உரிந்துவிடும். பழைய பூச்சைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே வரைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

5. பெரிய படத்துக்கு முதலில் சிறிய தாளில் கட்டம் போட்டு வரையுங்கள். பிறகு சுவரில் நூல் சுண்டி அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டால் அளவு தப்பாது. புள்ளி வைத்துப் பழகிய கைக்கு இது சுலபம்.

6. ஓவியத்தின் மூலையில் குழுவின் பெயர், ஆண்டு எழுதுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வேலை கேட்கும்போது அதுதான் சாட்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சுவர் 20 அடி நீளம், 6 அடி உயரம் என்றால் 120 சதுர அடி. நான்கு பேர் மூன்று நாள் வேலை என்றால் 12 நாள் கூலி. ஒரு நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,800 ரூபாய். பெயின்ட் முதலிய சாமான்களுக்கு 3,000, பஸ், டீ செலவு 600. ஆக மொத்தம் 8,400. குழு நிதிக்குப் பத்து சதவீதம் 840 சேர்த்தால் 9,240 ரூபாய். சதுர அடிக்கு 77 ரூபாய். உங்கள் ஊர்க் கூலியையும் கடை விலையையும் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

"அங்கன்வாடிச் சுவருக்கும் காசு கேக்கணுமா?" என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளுக்காக இலவசமாகச் செய்வது நல்ல விஷயம்தான். ஆனால் அதை நாமே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். நம்மைக் கேட்காமல் அடுத்தவர் முடிவு செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் தீர்மான நோட்டில் "12 நாள் உழைப்பு, மதிப்பு 4,800 ரூபாய், குழுவின் நன்கொடை" என்று எழுதி வையுங்கள். எழுதாத உழைப்பு கணக்கில் வராது.

அந்த பாகூர் உறுப்பினரிடமும் இதைத்தான் சொன்னோம். அன்றே அந்தக் குழுவில் இனிமேல் சுவர் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் போவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். போன வேலையின் கூலி வரவில்லை. ஆனால் அந்தச் சுவரின் மூலையில் குழுவின் பெயரை எழுதக் கேட்டு அனுமதி வாங்கினார்கள். இப்போது எழுதியும் விட்டார்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு

• நம் குழுவில் கோலம், ஓவியம், எழுத்து நன்றாக வருபவர்கள் யார் யார்? பட்டியல் எடுங்கள்.

• கடந்த ஒரு வருடத்தில் கூலி இல்லாமல் நாம் செய்து கொடுத்த பொது வேலைகள் என்னென்ன? அவற்றின் மதிப்பு எவ்வளவு?

• நம் ஊரில் ஓவியம் வரையத் தகுந்த சுவர் எது? அதில் என்ன சொல்ல விரும்புகிறோம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள் சகோதரிகளே.